வற்றும் தண்ணீரின் ஓரம்



சுவிற்சர்லாந்தில் வசிக்கும் வாசகி ஒருவரிடமிருந்து சென்ற மாதம் கடிதம் ஒன்று வந்தது. சூரிச் ஏரிக்கரையில் பேரனோடு நின்று எடுத்த படத்தையும் உள்ளே வைத்திருந்தார். பேரனின் நெஞ்சு உயரத்துக்குக் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு இரண்டு வெள்ளை அன்னங்கள். "இதுகள் எங்கட ஊரிலயும் இருக்குதோ அம்மம்மா எண்டு பெடியன் கேக்கிறான். கோயில் திருவிழாவில் அன்ன வாகனம் பார்த்திருக்கிறன். குத்துவிளக்கின்ர உச்சியில பார்த்திருக்கிறன். உயிரோட பார்த்த ஞாபகம் இல்லை. அவனுக்கு என்ன மறுமொழி சொல்ல?" என்று கேட்டிருந்தார்.

மறுமொழி சின்னதுதான்: இல்லை. அன்னம் குளிர்நாட்டுப் பறவை. பனி இறுகும்போது அது கொஞ்சம் தெற்கே இறங்கும்; ஆனால் இலங்கை வரைக்கும் இறங்குவதில்லை. இங்கிலாந்தில் ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாதம் தேம்ஸ் ஆற்றில் படகேறிப் போய் அன்னங்களைப் பிடித்து, எடை பார்த்து, காயம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்து, எண்ணிக்கையைக் குறித்துக்கொண்டு விட்டுவிடுகிறார்கள். அடையாளமிடாத அன்னங்கள் அரச முடிக்குச் சொந்தம் என்ற பழைய உரிமையின் மிச்சம் அது. ஒரு காலத்தில் அரச விருந்தில் பரிமாறுவதற்காக எண்ணினார்கள். இப்போது காப்பாற்றுவதற்காக எண்ணுகிறார்கள். லண்டனில் இருக்கும் எங்கள் பிள்ளைகள் அதைக் கரையில் நின்று பார்த்திருக்கக்கூடும்.

புலவர்களின் அன்னம் எது, சத்திமுத்தப் புலவர் மனைவிக்குத் தூது விட்ட நாரை எது என்ற விசாரணைகளை இந்தப் பக்கத்தில் தொடங்கப்போவதில்லை. பறவையைப் பற்றித் தமிழில் யார் எழுத உட்கார்ந்தாலும் அந்தப் பாவப்பட்ட புலவரைத்தான் முதலில் இழுத்து வருகிறோம். இம்முறை அவர் இளைப்பாறட்டும்.

ஆனால் அந்தப் பேரனுக்கு "இல்லை" என்று மட்டும் எழுதி அனுப்ப மனம் வரவில்லை. அவனைவிட உயரமாக நிற்கக்கூடிய ஒரு பறவை, மாரி ஓய்ந்து பனி விழுகிற இந்த மாதங்களில், யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து சைக்கிளில் போய்ப் பார்க்கக்கூடிய தூரத்தில் நிற்கிறது. பண்ணைப் பாலத்தைக் கடந்து மண்டைதீவுப் பக்கம் போனாலும், கல்லுண்டாய் வெளியால் அராலிக்குப் போனாலும், நாவற்குழி தாண்டித் தனங்கிளப்புப் பக்கம் இறங்கினாலும் ஏதோ ஒரு நாளில் கண்ணில் படும். தூரத்தில் தண்ணீருக்கும் வானத்துக்கும் நடுவே வெளிர்சிவப்பாக ஒரு கோடு. பஸ் யன்னலால் பார்க்கிறவர்கள் அதை வெயிலின் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள். இறங்கி நின்றால்தான் அந்தக் கோடு அசைவது தெரியும்.

அதுதான் பூநாரை. நிமிர்ந்து நின்றால் ஒன்றரை மீற்றர் வரை வரும். எடையோ நாலு கிலோவைத் தாண்டுவது அரிது; சூரிச் ஏரியின் அன்னம் பத்துக் கிலோவுக்கும் மேலே போகும். உடம்பில் பெரும் பங்கு காலும் கழுத்துமாகவே இருக்கிறது. அந்தக் காலின் நடுவில் பின்புறமாக மடிகிறதே, அதை எல்லோரும் முழங்கால் என்கிறோம். உண்மையில் அது கணுக்கால். முழங்கால் மேலே சிறகுக்குள் ஒளிந்திருக்கிறது. பூநாரை நிற்பது விரல்களில்தான்.

சாப்பிடுகிற விதம் இன்னும் விசித்திரம். தலையைக் கவிழ்த்து, மேல்அலகு கீழே இருக்கும்படி தண்ணீருக்குள் வைக்கிறது. நாக்கு ஒரு நொடிக்குள் பல தடவை முன்னும் பின்னும் போய்வந்து சேற்றுநீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளுகிறது. அலகின் ஓரங்களில் உள்ள மெல்லிய தகடுகள் புழு, நுண்ணிய இறால்வகை, பாசி, விதை எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்கின்றன. சில வேளைகளில் ஒரே இடத்தில் நின்று காலால் சேற்றை மிதித்து மிதித்து ஒரு சுற்றுச் சுற்றும். தண்ணீர் வற்றிய பிறகு அந்த இடத்துக்குப் போனால் நடுவில் மேடும் சுற்றிவரப் பள்ளமுமாக வட்டங்கள் காய்ந்து கிடப்பதைக் காணலாம். கல்லுண்டாயில் அவற்றைக் கண்ட ஒரு சிறுவன் "ஆரோ கிடாரம் வைச்சு எடுத்திருக்கினம்" என்றான்.

வெளிர்சிவப்பு அதன் பிறவி நிறம் அல்ல. குஞ்சு சாம்பல் நிறமாகவே பொரிக்கும். பாசியிலும் சின்ன இறால்களிலும் உள்ள நிறப்பொருள் வருடக்கணக்காக உடம்பில் சேர்ந்துதான் சிறகு சிவக்கிறது. எங்கள் கரைகளில் நிற்கும் கூட்டத்தில் மங்கலான சாம்பல்நிறப் பறவைகள் பல இருக்கும், அவை இளையவை. பறக்கும்போது கழுத்தையும் காலையும் ஒரே நேர்கோட்டில் நீட்டிக்கொண்டு போகும். அப்போதுதான் மடித்த சிறகுக்குள் இருந்த கடும் சிவப்பும் கறுப்பும் வெளியே தெரியும். கத்துவது மட்டும் அழகில்லை, வாத்துக்கூட்டம்போல ஒரு இரைச்சல்.

இந்தியாவில் கட்ச் உவர்நிலத்தின் நடுவே பூநாரைகள் பெருந்திரளாகக் கூடி, மண்ணைக் குவித்து மேடு கட்டி, மேட்டுக்கு ஒரு முட்டையாக இடுகின்றன. சலீம் அலி 1945இல் அங்கே போய்ப் பார்த்து ஐந்து இலட்சம் வரை இருக்கும் என்று மதிப்பிட்டார். அவ்வளவு கூட்டமாகக் கூடினால்தான் அவற்றுக்கு முட்டையிட மனம் வரும் போலிருக்கிறது. ஆயுளும் நீளம். அவுஸ்திரேலியாவின் அடிலெய்ட் மிருகக்காட்சிச்சாலையில் இருந்த ஒன்று 2014இல் இறந்தபோது அதற்குக் குறைந்தது 83 வயது. காட்டில் அவ்வளவு காலம் இருக்காது என்றாலும், மண்டைதீவில் இன்று நிற்கும் ஒரு கிழப் பூநாரை எங்களில் சிலரின் இடம்பெயர்வுகளை மேலே இருந்து பார்த்ததாக இருக்கலாம்.

பூநாரைக்கு மட்டும் இவ்வளவு இடம் கொடுத்தது அந்தப் பேரனுக்காக. எனக்கோ, அதன் காலடியில் ஓடித்திரிகிற சின்னதுகள்தான் கூடுதல் ஆச்சரியம். அதைச் சொல்ல முதலில் இந்த நிலத்தைச் சொல்ல வேண்டும்.

எங்கள் குடாநாட்டில் ஆண்டு முழுதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு என்று ஒன்று உண்டு. அது மழைக்கு மட்டும் ஓடிக் கல்லுண்டாய்ப் பக்கமாகக் கடலில் விழும். மழையில் பெரும் பகுதி ஐப்பசி தொடக்கம் மார்கழி வரைக்கும் வாடைக்காற்றோடு வந்து விழுந்துவிடும். அந்த மழையைத் தாழ்ந்த உவர்நிலங்கள் வாங்கி வைத்துக்கொள்கின்றன. தரவை என்கிறோம், வெளி என்கிறோம். கோடையில் பார்த்தால் உமரியும் உப்புப் பூத்த மண்ணுமாக, ஆடு மாடும் ஒதுங்காத வெட்டை. காணி விலை பேசுகிறவர் அதைக் காட்டி "ஒண்டுக்கும் உதவாது" என்பார். மாரியில் அதே இடம் முழங்காலளவு நீராகப் பரந்து கிடக்கும். மழைநீரும் கடல்நீரும் கலந்த அந்த ஆழமற்ற நீரில் வெயில் அடிவரைக்கும் இறங்குகிறது. பாசி பிடிக்கிறது, புழு பெருகுகிறது, கூனி இறால் குவிகிறது.

தை பிறந்ததும் நீர் வற்றத் தொடங்கும். ஒவ்வொரு நாளும் கரை சில அடி உள்ளே போகும். நேற்றுத் தண்ணீருக்கு அடியில் இருந்த சேறு இன்று ஈரமாக வெளியே வரும், நாளை வெடித்துவிடும். அந்த ஈரம் காயாத ஒரு கீற்றில்தான் விருந்து. வந்திருக்கிற ஆயிரக்கணக்கான பறவைகளும் அந்த ஓரத்தைப் பின்தொடர்ந்து நாளுக்கு நாள் உள்ளே நகர்கின்றன. சித்திரை, வைகாசி அளவில் ஓரம் என்று ஒன்று மிஞ்சாது. அப்போது பறவைகளும் போய்விட்டிருக்கும்.

அந்த ஓரத்தில் யார் எங்கே நிற்பது என்பதைக் காலின் நீளமும் அலகின் நீளமும் தீர்மானிக்கின்றன. ஈரச் சேற்றின் விளிம்பில் கொசு உள்ளான், நிலைகொள்ளாமல் ஓடி ஓடிக் கொத்தும். அதன் எடை சுமார் 25 கிராம். கொஞ்சம் உள்ளே நெடுங்கால் உள்ளான், சிவந்த மெல்லிய கால்களோடு, யாரைக் கண்டாலும் முதலில் கூச்சல் போடுவது. இன்னும் உள்ளே கருவால் மூக்கன், நீண்ட நேரான அலகை முகம்வரை சேற்றுக்குள் விட்டு எடுக்கும். வளைந்த நீள அலகோடு தனித்துத் திரிவது கோட்டான். நண்டு வளைக்குள் அலகை விட அந்த வளைவு தோது. ஆழம் கூடிய இடத்தில் தாராக்கள்: ஊசிவால் வாத்து, தட்டைவாயன், நெற்றியில் நாமம் இட்டதுபோன்ற நாமத்தலை வாத்து. அதற்கும் அப்பால் பூநாரை. கண்ணா மரங்களின் நிழலில் சங்குவளை நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும். ஒன்றின் சாப்பாடு மற்றதின் வாய்க்கு எட்டாது. அதனால்தான் இத்தனை கூட்டம் இவ்வளவு சிறிய இடத்தில் சண்டையில்லாமல் இருக்கிறது. ஆலாக்கள் மட்டும் விதிவிலக்கு. மேலே பறந்துகொண்டே அவற்றுக்குள் எந்நேரமும் பிரச்சினை.

கொசு உள்ளான் முட்டையிடுவது வட துருவத்தை ஒட்டிய தரையில். 25 கிராம் உடம்போடு அங்கிருந்து புறப்பட்டு, ஆசியாவைக் கடந்து, எங்கள் தரவைக்கு வருகிறது. சைபீரியாவிலிருந்தும் மத்திய ஆசியாவிலிருந்தும் தெற்கே வரும் பறவைகளின் வான்வழி இலங்கையில் வந்து முடிகிறது. இதற்குத் தெற்கே தென்துருவம் வரைக்கும் பெரிய தரை ஏதும் இல்லை. இந்தியக் கரையை விட்டுக் கிளம்பியவற்றுக்கு இறங்கக் கிடைக்கும் முதல் மண் மன்னாரும் எங்கள் குடாநாடும்தான்.

பறவைகள் போகும் தூரத்தை முன்பு கால்வளையம் வைத்து ஊகித்தார்கள். இப்போது செய்மதி சொல்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் சம்பத் செனவிரத்னவும் அவரது குழுவினரும் 2021இல் மன்னாரில் ஒரு கடற்காகத்தைப் பிடித்து, முதுகில் ஒரு சின்னக் கருவியைப் பொருத்தி விட்டார்கள். மேகா என்று பெயரும் வைத்தார்கள். அது இந்தியாவைக் கடந்து, ரஷ்யாவின் வட கோடியில் உள்ள யமல் தீபகற்பம் வரை போனது. கோடை முடிந்ததும் திரும்பி மன்னாருக்கே வந்தது. போய்வந்த வழி 19,000 கிலோமீற்றருக்கும் மேல். அடுத்த ஆண்டு, 2022இல், பட்டைவால் மூக்கன் குஞ்சு ஒன்று அலாஸ்காவிலிருந்து தாஸ்மேனியாவுக்கு எங்கும் இறங்காமல் 11 நாளில் 13,560 கிலோமீற்றர் பறந்தது. பிறந்து சில மாதங்களே ஆன குஞ்சு. அதே இனத்தில் சில எங்கள் வடகரைகளுக்கும் வருவதுண்டு. வந்து சேர்ந்த பறவைகளின் உடம்பில் சேமித்த கொழுப்பெல்லாம் கரைந்துபோயிருக்கும். திரும்பிப் போவதற்கு வேண்டிய கொழுப்பை மாசி, பங்குனிக்குள் இந்தச் சேற்றிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

குருநகர், பாசையூர்ப் பக்கத்துப் பெரியவர்களுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் வேண்டாம். ஆலா எந்த இடத்தில் மடங்கி விழுகிறது என்று பார்த்துவிட்டு வள்ளத்தைத் திருப்புவார்கள். களங்கட்டி வலையின் கம்புகளில் எந்தக் கொக்கு எந்த நேரத்தில் வந்து குந்தும் என்பது அவர்களுக்குத் தெரியும். பரவைக்கடலில் தண்ணீர் எந்தக் காற்றுக்கு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்பதும் தெரியும். பறவை பார்க்கப் போகிறவர் கையில் எடுத்துச் செல்லும் புத்தகத்தோடு இவர்களில் ஒருவரோடும் ஒரு பிளேன்ரீ குடித்துவிட்டுப் போவது நல்லது. புத்தகத்தில் பறவையின் பெயர் இருக்கும். அது இன்று எங்கே நிற்கிறது என்பது இருக்காது.

நீண்ட போர் இந்தக் கரைகளுக்கு என்ன செய்தது என்பதை ஒரே வரியில் சொல்ல முடியாது. முன்பு துவக்கு வைத்திருந்தவர்கள் மாரிக்குத் தாரா வேட்டைக்குப் போவார்கள். போர்க்காலத்தில் அந்தத் துவக்குகள் வீடுகளில் இல்லாமற்போயின. உயர்பாதுகாப்பு வலயங்களிலும் கண்ணிவெடி புதைத்த வெளிகளிலும் மனிதர் கால் வைக்கவில்லை. பறவைகளுக்கு அது ஒரு வகையில் நிம்மதியாக இருந்திருக்கலாம். ஆனால் அதைச் சொல்லி எவரும் அந்தக் காலத்துக்கு நன்மை எழுத வேண்டாம். அந்த வெளிகளை விட்டு ஓடியவர்கள் நாங்கள். கணக்கெடுக்கிறவர்களும் வர முடியவில்லை. ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு என்று 1987 முதல் ஒவ்வோர் ஆண்டும் ஜனவரியில் பல நாடுகளில் நடக்கிறது. அது தொடங்கிய காலமும் எங்கள் மண்ணில் போர் மூண்டிருந்த காலமும் ஒன்று. அதனால் எங்கள் கடல்நீரேரிகளின் பழைய நிலை பற்றிய ஏடுகளில் நீண்ட வெற்றிடம் இருக்கிறது.

சட்டப்படி பார்த்தால் எங்களுக்குப் பழைய உரிமை ஒன்று உண்டு. வடமராட்சி கிழக்கின் முடிவில் உள்ள சுண்டிக்குளம் 1938இல், யாலவும் வில்பத்துவும் தேசியப் பூங்காக்களான அதே ஆண்டில், பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2015இல் அதுவும் தேசியப் பூங்காவானது. சுமார் 19,500 ஹெக்ரேயர். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் இலங்கையின் இடங்கள் ஆறு. வடக்கில் மன்னாரின் வங்காலை 2010இல் சேர்ந்தது. குடாநாட்டிலிருந்து ஒன்றும் இல்லை. சரசாலைக் குருவிக்காட்டில் கண்ணா மரங்கள் நிறைய நீர்ப்பறவைகள் அடையும் மாலைப்பொழுதைப் பார்த்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

இனிச் சொல்லப்போவது கொஞ்சம் சிக்கலான விடயம். இதை எழுதத்தான் இந்தப் பக்கத்தை எடுத்தேன் என்றும் சொல்லலாம்.

யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு வேண்டும் என்று நீர்ப்பாசனப் பொறியியலாளர் சண்முகம் ஆறுமுகம் 1950களில் ஒரு திட்டம் வகுத்தார். கனகராயன் ஆறு கொண்டுவந்து ஆனையிறவுக் கடல்நீரேரியில் கொட்டும் வெள்ளத்தைக் கடலுக்கு விடாமல் மறித்து, முள்ளியானில் ஒரு வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து உப்பாற்று நீரேரிக்கும் விடுவது. தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணை கட்டிக் கடல்நீர் உள்ளே வராமல் காப்பது. உவர் மெல்ல மெல்லக் கழுவப்பட்டு நன்னீராகும்; கிணறுகள் இனிக்கும். தடுப்பணைகள் கட்டப்பட்டன, திட்டம் முழுமையாக முடியவில்லை. இன்றும் ஒவ்வொரு தேர்தலுக்கும் அது ஒருமுறை எழுந்து நடக்கிறது. இதற்கிடையில் தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை 2024இல் திறக்கப்பட்டது.

நன்னீர் வேண்டாம் என்று எழுத நான் ஆளில்லை. கிணறு உவராகிப்போன வீட்டுக்காரருக்குப் பூநாரையைக் காட்டி ஆறுதல் சொல்ல முடியாது. ஆனால் தெற்கில் நடந்த ஒன்றை அறிந்துகொண்டு முடிவெடுப்பது நல்லது. அம்பாந்தோட்டையில் புந்தல, 1990இல் இலங்கையின் முதல் ராம்சார் ஈரநிலம். முன்பு நாட்டில் பூநாரை பார்க்க வேண்டுமென்றால் எல்லோரும் அங்கேதான் போவார்கள். மேலே லுணுகம்வெகர நீர்த்தேக்கம் கட்டி வயல்கள் திறந்த பிறகு, வயலிலிருந்து வடிந்த நன்னீர் எம்பிலிகல, மலல என்ற களப்புகளில் வந்து சேர்ந்தது. உவர் குறைந்தது. உவரில் வாழ்ந்த சிறு உயிர்கள் குறைந்தன. 2000களின் தொடக்கத்தில் பூநாரைகள் அங்கே கூட்டமாக வருவது நின்றுபோனது. யாரும் சுடவில்லை, விரட்டவில்லை. தண்ணீரின் சுவை மாறிப்போனது, அவ்வளவுதான்.

பூநாரைக்கு வேண்டியது நாங்கள் விரும்பாத தண்ணீர். எங்களுக்கு வேண்டியது அதற்கு உதவாத தண்ணீர். இரண்டுக்கும் இடம் இருக்கிறதா? இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். வடமராட்சி நீரேரியும் உப்பாறும் நன்னீராவதால் கிணறுகளுக்கு நன்மை என்றால் அது நடக்கட்டும். மேற்கே மண்டைதீவு, கல்லுண்டாய், தெற்கே தனங்கிளப்பு போன்ற வெளிகளால் எவருடைய கிணறும் இனிக்கப்போவதில்லை. அவற்றை உவராகவே விட்டுவிடலாம். ஆனையிறவின் உப்பளம் இன்னொரு பாடம். போரோடு மூடப்பட்டு இப்போது மறுபடி இயங்கும் அந்தப் பாத்திகளில், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு நீரின் உவர் படிப்படியாக ஏறும். உப்பும் எங்களுக்குக் கிடைக்கிறது, உள்ளானுக்கும் சாப்பாடு கிடைக்கிறது. எந்த நீரேரியில் எந்த மாதத்தில் எது எத்தனை நிற்கிறது என்ற கணக்குக் கையில் இல்லாமல் இப்படிப் பிரித்து முடிவெடுக்க முடியாது. பொறியியலாளர் கேட்கும்போது காட்டுவதற்கு எங்களிடம் ஒரு கொப்பியாவது இருக்க வேண்டாமா?

நன்னீர்த் திட்டத்துக்கு முன்னரே தரவைகளைத் தின்னுகிறவை வேறு. கல்லுண்டாயில் பட்டினத்தின் குப்பை மலையாக எழுந்து நிற்கிறது. தீப்பிடிக்கிற நாட்களில் புகை ஊருக்குள் வருகிறது. மற்ற இடங்களில் ஓர் உழவு இயந்திரப் பெட்டி கட்டிட உடைசல், அதன்மேல் இன்னொரு பெட்டி, பிறகு நாலு கம்பமும் ஒரு முட்கம்பியும். ஒன்றுக்கும் உதவாத காணி என்று எல்லோரும் ஒத்துக்கொண்ட இடத்தை நிரப்புவதற்கு எதிர்ப்பு வராது. நீர் வடிந்து நிற்க இடமில்லாமல் அடுத்த மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வரும்போது மட்டும் கூட்டம் கூடும்.

பார்க்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடியற்காலை நல்லது, சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், இல்லாவிட்டால் எல்லாமே கறுப்பாகத் தெரியும். தொலைநோக்கி இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் பாதகமில்லை. வீதியோரத்தில் பேசாமல் அரை மணித்தியாலம் நின்றால் பறவைகள் தாமாகக் கிட்ட வரும். பளிச்சென்ற சேட்டைத் தவிருங்கள். தண்ணீருக்குள் இறங்கிப் போகாதீர்கள். கூட்டம் எழும்பிப் பறக்கிற படத்துக்காகக் கைதட்டுகிறவர்களையும் ட்ரோன் விடுகிறவர்களையும் கண்டிருக்கிறேன். அந்தப் படம் அழகாகத்தான் இருக்கிறது. யமலுக்குப் போக வேண்டிய கொழுப்பில் ஒரு பங்கு அதில் எரிந்துபோகிறது என்பது படத்தில் தெரிவதில்லை. கலியாண அல்பத்துக்குப் பூநாரையைப் பின்னணியாக்க வரும் தம்பதிகளுக்கும் கமராக்காரத் தம்பிமாருக்கும் இதை அன்போடு சொல்கிறேன். பட்டம் ஏற்றுகிற தம்பிமார், அறுந்த நூலைத் தரவையில் விட்டுவிட்டு வராதீர்கள்; உள்ளானின் கால் நூலின் மொத்தம்கூட இருக்காது. வடை சுற்றிய பேப்பரையும் தண்ணீர்ப் போத்தலையும் பையிலேயே கொண்டுவந்துவிடலாம்.

சுவிஸ் வாசகிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பள்ளிக்கூட விடுமுறைக்குத்தான் வர முடியும் என்றால், ஆடி, ஆவணியில் வந்து தரவையில் காய்ந்த மண்ணைப் பார்த்துவிட்டு ஏமாறவேண்டாம், ஒரு முறையாவது நத்தார் விடுமுறைக்குப் பேரனைக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று. நல்லூர்த் திருவிழாவைத் தவறவிட வேண்டியிருக்கும். அதை அவர்தான் தீர்மானிக்க வேண்டும்.

மற்ற வாசகர்களிடம் கேட்பது ஒன்று. இந்த மாதமும் அடுத்த மாதமும் நீங்கள் நாளாந்தம் போய்வருகிற வழியில் ஏதாவது ஒரு குளம், தரவை, பாலம், உப்பளம் இருக்கும். கிழமைக்கு ஒருநாள், அதே நேரத்தில், அங்கே ஐந்து நிமிடம் நின்று கண்டதை எழுதி அனுப்புங்கள். திகதி, நேரம், இடம், தண்ணீர் எவ்வளவு, என்ன பறவை, ஏறத்தாழ எத்தனை. பெயர் தெரியாவிட்டால் உயரம், கால் நிறம், அலகின் வடிவம் இவற்றை எழுதினால் போதும்; அறிந்தவர்களிடம் காட்டிப் பெயரைக் கண்டுபிடித்துத் தருவோம். ஒன்றையும் காணவில்லை என்றால் "காணவில்லை" என்றே எழுதுங்கள், அதுவும் கணக்குத்தான். வயதான வாசகர்கள், போர் மூண்ட 1983க்கு முன் உங்கள் ஊர்க் கரையில் எந்தப் பறவை எந்த மாதத்தில் வந்தது என்று நினைவில் உள்ளதைச் சொல்லிப் பேரப்பிள்ளைகளைக் கொண்டு எழுதுவியுங்கள். தீவுப்பகுதியிலிருந்தும் வடமராட்சி கிழக்கிலிருந்தும் எங்களுக்குக் கடிதங்கள் குறைவு. அங்கிருந்து வருவதை முதலில் போடுவோம். தபாலட்டை போதும். வந்தவற்றைப் பங்குனி இதழில் ஊர்வாரியாக வெளியிட்டு, ஒரு பிரதியைக் கணக்கெடுப்பில் ஈடுபடும் பறவையியலாளர்களுக்கும் இன்னொன்றை நீர்ப்பாசனப் பொறியியலாளர்களுக்கும் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்